காதுக்குள் 200 வோல்ட்

ஒரே அலமாரியில் இரண்டு இயர்ஃபோன் பெட்டிகள். இரண்டின் மேலும் ‘எலக்ட்ரோஸ்டாட்டிக்’ என்று அச்சிட்டிருக்கிறது. முதல் பெட்டியைப் பிரித்து, பின்னைப் போனில் செருகினால் உடனே பாடுகிறது. இரண்டாவதன் பின் எந்தப் போனிலும் நுழையாது. கூடவே வரும் தனிக் கருவி ஒன்றில்தான் அதைச் செருக வேண்டும். ஏறக்குறைய ஒரு போன் அளவுள்ள அந்தக் கருவிக்குத் தினமும் சார்ஜ் போட வேண்டும், போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பெயரும் ஒன்று, அடிப்படைத் தத்துவமும் ஒன்று என்கிறார்கள். அப்படியென்றால் ஒன்றுக்கு மட்டும் ஏன் இந்தச் சுமை?

விடை காண, சாதாரண இயர்ஃபோன் எப்படிப் பாடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒலி என்பது காற்றின் அழுத்தம் ஏறி இறங்குவது. அந்த ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும் உறுப்பைத்தான் டிரைவர் என்கிறார்கள். பெரும்பாலான இயர்ஃபோன்களில் இருப்பது டைனமிக் டிரைவர். ஒரு மெல்லிய சவ்வு, அதன் பின்புறம் ஒட்டிய கம்பிச்சுருள், சுருளைச் சுற்றி ஒரு காந்தம். சுருளில் மின்சாரம் பாயும்போது காந்தம் அதைத் தள்ளும், இழுக்கும். சுருளோடு சேர்ந்து சவ்வும் ஆடும். ஜெர்மனியின் வெர்னர் சீமன்ஸ் 1874இலேயே இந்த அமைப்புக்குக் காப்புரிமை கேட்டுவிட்டார். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் 1925இல் அதற்கு இன்றைய வடிவம் கொடுத்தார்கள். இன்னொரு வகை, காது கேட்கும் கருவிகளிலிருந்து வந்த ‘பேலன்ஸ்டு ஆர்மச்சர்’. அதில் ஒரு நுண்ணிய உலோக நாக்கு காந்தங்களுக்கு நடுவே துடிக்கும். அதனோடு இணைத்த ஊசி சவ்வை ஆட்டும். 1991இல் எடிமோட்டிக் நிறுவனம் வெளியிட்ட ஈஆர்-4 இதை இசை கேட்பவர்களிடம் கொண்டுவந்தது.

இரண்டுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. விசை சவ்வின் ஓரிடத்தில்தான் விழுகிறது. மற்ற பகுதியெல்லாம் அந்த இடத்தின் பின்னால் இழுபட்டு வர வேண்டும். கொடியில் காயும் வேட்டியை ஒரு விரலால் தள்ளினால் விரல் பட்ட இடம் மட்டும் முன்னே போகும், மற்றது சுருங்கித் தாமதமாக வரும். காற்று அடித்தால் முழு வேட்டியும் ஒரே வீச்சில் எழும். சவ்வைப் போதிய விறைப்போடு செய்து இந்தத் தாமதத்தை டைனமிக் டிரைவர் சமாளிக்கிறது. ஆனாலும் உயர்ந்த அதிர்வெண்களில் சவ்வின் நடு ஒரு பக்கமும் ஓரம் வேறு பக்கமுமாக ஆடத் தொடங்கும். விறைப்பைக் கூட்டினால் எடையும் கூடும்.

சவ்வு முழுவதையும் ஒரே நேரத்தில் தள்ள ஒரு வழி இருக்கிறது. தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்குகளை இழுப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். சீப்பில் தேங்கிய மின்னூட்டம் செய்யும் வேலை அது. அதே விசையை இசைக்குப் பயன்படுத்துவதுதான் நிலைமின்னியல் (எலக்ட்ரோஸ்டாட்டிக்) டிரைவர். துளைகள் போட்ட இரண்டு தகடுகள் அசையாமல் நிற்கின்றன. இவற்றை நிலைத்தகடு என்று சொல்லிக்கொள்ளலாம். நடுவே மிக மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. அதன் மேல் மின்னூட்டத்தைத் தாங்க ஒரு பூச்சு. பாட்டின் மின்குறிகை இரண்டு தகடுகளுக்கும் எதிரெதிராகப் போகிறது. ஒரு தகடு சவ்வை இழுக்கும் கணத்தில் மற்றொன்று தள்ளுகிறது. சுருளும் இல்லை, ஊசியும் இல்லை. சவ்வின் ஒவ்வொரு புள்ளியிலும் விசை விழுகிறது.

ஓரிடத்தில் தள்ள வேண்டியதில்லை என்பதால் சவ்வுக்கு விறைப்பும் தேவையில்லை. ஆகவே அதை நம்ப முடியாத அளவுக்கு மெல்லியதாகச் செய்யலாம். இவ்வகை ஹெட்ஃபோன்களில் சவ்வின் தடிமன் ஒன்று, இரண்டு மைக்ரான்தான். தலைமுடியின் தடிமன் 50 மைக்ரானுக்கு மேல். ஒன்றரை மைக்ரான் பிளாஸ்டிக் சவ்வின் எடையைக் கணக்கிட்டுப் பார்த்தால், அதே பரப்பில் 2 மில்லிமீட்டருக்கும் குறைவான உயரத்துக்கு நிற்கும் காற்றின் எடைதான் வரும். தான் தள்ள வேண்டிய காற்றைவிடப் பெரிதாக எடை கூடாத ஒரு பொருள் அது. இந்தத் தொழில்நுட்பத்தின் உண்மையான அழகு இங்கேதான் இருக்கிறது.

இதை யாரோ அண்மையில் கண்டுபிடிக்கவில்லை. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கில் பணியாற்றிய எட்வர்ட் வென்ட் 1917இல் விவரித்த கண்டென்சர் மைக் இதன் தலைகீழ் வடிவம்: அங்கே ஒலி சவ்வை ஆட்டி மின்சாரம் பிறக்கிறது, இங்கே மின்சாரம் ஆட்டி ஒலி பிறக்கிறது. இங்கிலாந்தின் பீட்டர் வாக்கர் 1957இல் ‘குவாட்’ நிலைமின்னியல் ஸ்பீக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1938இல் தொடங்கிய ஜப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனம் 1960இல் எஸ்ஆர்-1 என்ற முதல் நிலைமின்னியல் ஹெட்ஃபோனை விற்றது. அன்று முதல் இன்று வரை ஸ்டாக்ஸின் பெயரே இந்த வகையின் பெயராக இருக்கிறது.

சரி, தனிக் கருவி எதற்கு?

சவ்வில் மின்னூட்டமே இல்லை, எதிரே ஒரே ஒரு தகடுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடையே பாட்டின் மின்னழுத்தத்தை நேரடியாகக் கொடுத்தால் என்ன ஆகும்? மின்னழுத்தம் நேர்த்திசையில் இருந்தாலும் எதிர்த்திசையில் இருந்தாலும் தகடும் சவ்வும் ஒன்றையொன்று இழுக்கத்தான் செய்யும், தள்ளவே தள்ளாது. ஆகவே ஒரு முழு அலைக்குள் சவ்வு இரண்டு முறை இழுபடும். 440 ஹெர்ட்ஸ் சுரம் உள்ளே போனால் 880 ஹெர்ட்ஸ் வெளியே வரும். ஷட்ஜம் கொடுத்தால் மேல் ஷட்ஜம் கேட்கும். சோதனைக்கூடத்தில் எளிதாகச் செய்து பார்க்கக்கூடிய இந்த விளைவு, மின்னூட்டம் இல்லாமல் இந்த டிரைவர் இசைக்கருவியே ஆகாது என்பதைக் காட்டிவிடுகிறது.

இதற்குத் தீர்வு, சவ்வில் முன்கூட்டியே நிலையான உயர் மின்னழுத்தத்தை ஏற்றி வைப்பது. பள்ளிப் பாடநூல் டையோடுக்குச் சொல்லும் அதே ‘சார்பு’ மின்னழுத்தம்தான். சவ்வு எப்போதும் ஒரே வகை மின்னூட்டத்தோடு இருப்பதால், தகட்டின் குறிகை மாறும்போது இழுப்பு தள்ளலாக மாறுகிறது. சுரமும் ஸ்தாயி மாறாமல் வருகிறது. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. சவ்வு ஒரு தகட்டை நெருங்கும்போது மின்னூட்டம் அந்தப் பக்கமாக ஓடிக் குவிந்தால் ஒலி திரியும். அதனால்தான் சவ்வின் பூச்சை நல்ல மின்கடத்தியாகச் செய்யாமல், வேண்டுமென்றே மிகுந்த மின்தடையோடு செய்கிறார்கள். ஒரு அலை முடிவதற்குள் மின்னூட்டம் இடம் மாற நேரம் இருக்காது. மின்னூட்டம் மாறாதிருந்தால் விசை குறிகைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற ஆய்வை ஹார்வர்டின் ஃபிரெடெரிக் ஹன்ட் 1954இல் தம் நூலில் விரிவாக எழுதினார்.

ஸ்டாக்ஸின் பழைய ஹெட்ஃபோன்களுக்குச் சார்பு மின்னழுத்தம் 230 வோல்ட். பின்னர் வந்தவற்றுக்கு 580 வோல்ட். இது போக, தகடுகளுக்குச் செல்லும் இசைக்குறிகையும் பெரியதாக இருக்க வேண்டும். ஸ்டாக்ஸின் எஸ்ஆர்-009 ஹெட்ஃபோன் 101 டெசிபல் கொடுக்க 100 வோல்ட் கேட்கிறது. போனின் காதொலித் துளையில் கிடைப்பதோ ஏறக்குறைய 1 வோல்ட். சில வோல்ட் பேட்டரியிலிருந்து நூற்றுக்கணக்கான வோல்ட்டைத் தயாரித்து, இசையையும் அந்த அளவுக்கு உயர்த்தித் தரும் மின்சுற்று எங்காவது இருந்தாக வேண்டும். அந்தத் தனிக் கருவியின் வேலை இதுதான்.

காதோரம் இத்தனை வோல்ட்டா என்ற அச்சம் இயல்பானது. ஆபத்தை நிர்ணயிப்பது வோல்ட் மட்டுமல்ல, உடலில் பாயக்கூடிய மின்னோட்டமும்தான். சார்பு மின்னழுத்தம் பல மெகா ஓம் மின்தடை வழியாகத்தான் சவ்வை அடைகிறது; அதனால் பாயக்கூடிய மின்னோட்டம் மிகச் சிறியது. நைலான் சட்டையைக் கழற்றும்போது சடசடவென்று பொறி பறக்கிறதே, அங்கே சில ஆயிரம் வோல்ட் உருவாகிறது, யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் இசைக்குறிகை செல்லும் கம்பிகளுக்கு இதே சலுகை கிடையாது. அவற்றில் ஓடுவதும் உயர் மின்னழுத்தம்தான் என்பதால், கேபிளின் உறை கிழிந்துவிட்டால் டேப் சுற்றிப் பயன்படுத்தக் கூடாது, மாற்றிவிட வேண்டும்.

பெரிய ஹெட்ஃபோனில் வேலை செய்வதைக் காதுக்குள் நுழைக்கும் அளவுக்குச் சுருக்கினால் என்ன ஆகும்? நிலைமின்னியல் டிரைவரின் பெரிய பலவீனம், சவ்வு அதிக தூரம் ஆட முடியாதது. தகடுகளை விலக்கி வைத்தால் விசை குறையும். நெருக்கி வைத்தால் ஆட இடமில்லை. அறையில் வைக்கும் ஸ்பீக்கருக்கு இது பெருங்கேடு. திறந்த வெளியில் அதே உரப்போடு கேட்க வேண்டுமானால், அதிர்வெண் பாதியாகக் குறையும் ஒவ்வொரு முறையும் சவ்வு நான்கு மடங்கு ஆட வேண்டும். குவாட் ஸ்பீக்கர் அத்தனை அகலமாக இருந்தும் கனத்த பாஸ் ஒலிக்குத் திணறியதன் காரணம் இது.

காதுத்துளையில் கணக்கு தலைகீழாகிறது. ரப்பர் முனை காதை நன்றாக அடைத்துவிட்டால், டிரைவருக்கும் செவிப்பறைக்கும் நடுவே அடைபட்டிருப்பது கொஞ்சம் காற்றுதான். இயர்ஃபோன்களை அளக்கும் செயற்கைக் காது ஏறத்தாழ ஒன்றேகால் கன சென்டிமீட்டர் காற்றுக்குச் சமமானது. அந்தக் காற்றைச் சற்றே அழுத்தினால் போதும். 94 டெசிபல் என்பது நல்ல உரத்த ஒலி. அதற்கு வேண்டிய அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் லட்சத்தில் ஒரு பங்கு. 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள சவ்வு அதை உண்டாக்க எவ்வளவு நகர வேண்டும் என்று கணக்குப் போட்டால், ஒரு மைக்ரானில் ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை. அதைவிட முக்கியம், தாழ்ந்த அதிர்வெண்களிலும் அதே தூரம் ஆடினால் போதும். பெரிய ஸ்பீக்கரில் இந்தத் தொழில்நுட்பத்தைத் தடுத்து நிறுத்திய சுவர், காதுக்குள் இல்லவே இல்லை.

எந்த இயர்ஃபோனிலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். பாட்டு ஓடும்போது ரப்பர் முனையைக் காதிலிருந்து மெல்லத் தளர்த்தினால் தவிலும் பாஸ் கிடாரும் சட்டென்று மெலிந்து, குரல் மட்டும் நிற்கும். அடைப்பில் சிறு கசிவு விழுந்ததும் அடைபட்ட காற்றின் கணக்கு உடைந்துவிடுகிறது. ஸ்டாக்ஸ் 1990களில் கொண்டுவந்த எஸ்ஆர்-001, அதன் பிறகு வந்த எஸ்ஆர்-003 ஆகிய சிறிய காதொலிப்பான்களின் பாடும் இங்கேதான். டிரைவர் காதுக்கு வெளியே நிற்கும், ரப்பர் முனை மட்டும் துளையில் அமரும், பின்புறம் திறந்திருக்கும். இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும் சிறு பெட்டி 580 வோல்ட்டைத் தருகிறது. இசையின் தெளிவு அருமையானது. ஆனால் முனை சரியாகப் பொருந்தாவிட்டால் பாஸ் காணாமல் போகும். வெளிச்சத்தமும் உள்ளே வரும் என்பதால் ரயிலில் கேட்க உதவாது.

2015இல் அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் கேஎஸ்இ1500ஐ அறிவித்தபோது இந்தக் குறை தீர்ந்தது. மைக்குகளுக்குப் பேர்போன நிறுவனம் ஷூர். நிலைமின்னியல் சவ்வு அவர்களுக்குப் புதிதல்ல. இந்த இயர்ஃபோனில் முழு அதிர்வெண் வீச்சையும் ஒரே நிலைமின்னியல் டிரைவர் பாடுகிறது. காதை நன்றாக அடைக்கும் மூடிய கூடு. சார்பு மின்னழுத்தம் 200 வோல்ட். ஆம்ப்ளிஃபயரும் டிஜிட்டல் இசையை மாற்றும் சுற்றும் ஒரே பெட்டிக்குள். அறிமுக விலை 2,999 டாலர். டிஜிட்டல் பகுதியை விட்டுவிட்டு 2018இல் வந்த கேஎஸ்இ1200இன் அறிமுக விலை 1,999 டாலர். கேபிளைக்கூட இதற்கென்றே செய்தார்கள். இவ்வளவு சிறிய டிரைவரின் மின்தேக்கத்திறன் மிகக் குறைவு. கேபிளின் மின்தேக்கத்திறன் அதை மிஞ்சிவிட்டால், ஆம்ப்ளிஃபயர் தரும் மின்னோட்டத்தில் பெரும்பங்கு டிரைவருக்குப் பயன்படாமல் கம்பியிலேயே போய்விடும். தட்டையாக, கம்பிகளை விலக்கி வைத்துச் செய்த கேபிள் அலங்காரத்துக்காக வந்ததல்ல.

இனி முதல் பெட்டிக்கு வரலாம். பின்னைப் போனில் செருகினால் பாடுகிறதே, அதற்கு மின்னூட்டம் யார் கொடுக்கிறார்கள்?

யாரும் கொடுப்பதில்லை, தொழிற்சாலையிலேயே ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். காந்தம் தன் காந்தத்தன்மையைத் தக்கவைப்பது போலவே சில பொருள்கள் மின்னூட்டத்தைத் தக்கவைக்கும் என்பதை ஆங்கிலேய அறிஞர் ஆலிவர் ஹெவிசைட் 1885இல் ஊகித்து, எலெக்ட்ரெட் என்று பெயரிட்டார். ஜப்பானின் மோட்டோட்டாரோ எகுச்சி 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் மெழுகை உருக்கி, வலிய மின்புலத்தில் வைத்துக் குளிரவிட்டு அதைச் செய்தும் காட்டினார். 1962இல் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் பிளாஸ்டிக் சவ்வில் மின்னூட்டத்தை நிலைநிறுத்தி எலெக்ட்ரெட் மைக்கை உருவாக்கினார்கள். அதன் பிறகு டேப் ரெக்கார்டர் முதல் தொலைபேசி வரை அதுவே நிறைந்தது.

காது கேட்கும் கருவிகளுக்கு உறுப்புகள் செய்யும் டென்மார்க்கின் சோனியன் நிறுவனம், இதே எலெக்ட்ரெட்டை வைத்து அரிசி மணியைவிடச் சற்றே பெரிய டிரைவர்களைச் செய்கிறது. இசை ரசிகர்கள் ‘ஈஎஸ்டி’ என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். சார்பு மின்னழுத்தம் வெளியிலிருந்து தேவையில்லை. இசைக்குறிகையை உயர்த்த ஒரு குட்டி மின்மாற்றி இயர்ஃபோன் கூட்டுக்குள்ளேயே இருக்கிறது. தனிக் கருவியின் இரண்டு வேலைகளும் இப்படித்தான் காதுக்குள் அடங்கின.

அடங்கியதற்கு ஒரு விலை உண்டு. மின்மாற்றியின் இரும்புக்கரு எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்குத் தாழ்ந்த அதிர்வெண்களைத் தாங்காது. காந்தப்புலம் நிரம்பி வழிந்துவிடும். காதுக்குள் அடங்கும் கருவால் உயர்ந்த அதிர்வெண்களை மட்டுமே கொண்டுசெல்ல முடியும். ஆகவே இந்த ஈஎஸ்டி டிரைவர்கள் பெரும்பாலும் 7,000 அல்லது 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள பகுதியைத்தான் ஏற்கின்றன. பியானோவின் கடைசிக் கட்டையின் சுரமே 4,186 ஹெர்ட்ஸ்தான். பாடகரின் குரல், வயலின், நாதஸ்வரம், மிருதங்கம் எதன் அடிப்படைச் சுரமும் இந்த எல்லையைத் தொடுவதில்லை. ஜாலராவின் மினுமினுப்பு, ‘ஸ’ எழுத்தின் காற்றொலி, தந்தியை மீட்டும் நகத்தின் உரசல் ஆகியவைதான் ஈஎஸ்டியின் பங்கு. மற்றதையெல்லாம் கூட்டுக்குள் இருக்கும் டைனமிக், ஆர்மச்சர் டிரைவர்கள் பார்த்துக்கொள்கின்றன. மூன்று வகையும் சேர்ந்த இந்தக் கலவையை வாங்குபவர்கள் ‘டிரைபிரிட்’ என்கிறார்கள். 2020இல் வந்த தீஆடியோ மோனார்க்கில் 1 டைனமிக், 6 ஆர்மச்சர், 2 ஈஎஸ்டி. 2021இன் மூன்டிராப் வேரியேஷன்ஸில் 1 டைனமிக், 2 ஆர்மச்சர், 2 ஈஎஸ்டி. அறிமுக விலை 520 டாலர்.

நல்ல இயர்ஃபோன்கள்தான் இவை. ஆனால் ஷூரின் கேஎஸ்இ1500உம் இவையும் ஒரே சொல்லால் அழைக்கப்படுவது வாங்குபவருக்கு இழைக்கும் அநீதி. ஒன்றில் கேட்பது முழுவதும் நிலைமின்னியல் ஒலி. மற்றொன்றில் மேல் ஓரத்தின் ஒரு சிறு பகுதி மட்டும்.

அந்த முழு ஒலி உண்மையிலேயே உயர்ந்ததா? ரசிகர்கள் பெரும்பாலும் சொல்வது ‘வேகம்’ என்ற சொல்லை. சவ்வு எடையற்றது, ஆகவே சட்டென்று எழுந்து சட்டென்று நிற்கிறது என்பது வாதம். கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் அளவீடு இதை அப்படியே ஏற்பதில்லை. ஒரு இயர்ஃபோன் எந்த அதிர்வெண்ணை எவ்வளவு உரப்பாகத் தருகிறது என்ற வரைபடமும், திடீர்த் துடிப்புக்கு அது எப்படி எழுந்து அடங்குகிறது என்பதும் தனித்தனிப் பண்புகள் அல்ல. ஒற்றை டிரைவர் இயர்ஃபோனில், கேட்கும் எல்லையின் பெரும்பகுதியில், ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்றதைக் கணக்கிட்டுவிடலாம். ஆகவே வேகம் என்று காது உணர்வது பெரும்பாலும் உயர் அதிர்வெண்கள் மேடுபள்ளம் இல்லாமல் வருவதையும், பாஸ் அளவோடு இருப்பதையும்தான். அந்தச் சீரை நிலைமின்னியல் சவ்வு எளிதாகத் தருகிறது. நன்றாக வடிவமைத்த டைனமிக் டிரைவரும் தர முடியும். விலையும் இதற்குச் சான்றாகாது. ஜெரோன் ப்ரேபார்ட் என்ற ஆய்வாளர் 2017இல் 283 ஹெட்ஃபோன்களை அளந்து பார்த்தபோது, அதிர்வெண் வரைபடத்துக்கும் விற்பனை விலைக்கும் தொடர்பே தெரியவில்லை.

நிலைமின்னியலுக்குச் சந்தேகமில்லாத வெற்றி என்று சொல்லக்கூடியது, ஒலித்திரிபின் குறைவு. சீராகப் பரவும் விசை, மாறாத மின்னூட்டம், இருபுறமும் சமமான தகடுகள் ஆகிய மூன்றும் சேர்ந்து, உரப்பைக் கூட்டினாலும் ஒலியைக் கலங்காமல் காக்கின்றன. ஆனால் இந்த இடத்திலும் போட்டி வந்துவிட்டது. ‘பிளேனர்’ டிரைவரில் சவ்வின் மேலேயே மின்தடங்களை அச்சிட்டுக் காந்தங்களுக்கு நடுவே வைக்கிறார்கள். விசை சவ்வு முழுவதும் பரவுகிறது, உயர் மின்னழுத்தம் வேண்டாம். 2021இல் வந்த 7ஹெர்ட்ஸ் நிறுவனத்தின் டைம்லெஸ் இயர்ஃபோன் 14.2 மில்லிமீட்டர் பிளேனர் டிரைவரோடு 220 டாலர் அளவில் விற்றது. சவ்வு அத்தனை மெலிதாக இருக்காது, தடங்களின் எடையும் உண்டு. ஆனால் போனில் நேரடியாகச் செருகலாம்.

வாங்க நினைப்பவர் பெட்டியின் மேல் அச்சிட்ட சொல்லை விட்டுவிட்டு இரண்டு கேள்விகளைக் கேட்டாலே போதும்: சவ்வுக்கு மின்னூட்டம் எங்கிருந்து வருகிறது, நிலைமின்னியல் டிரைவர் எந்த அதிர்வெண்ணிலிருந்து பாடத் தொடங்குகிறது? விற்பவர் விடை சொல்லத் தயங்கினால், அது மேல் ஓரத்துக்கு மட்டும் ஈஎஸ்டி வைத்த கலவை என்றே எடுத்துக்கொள்ளலாம். அத்தகைய கலவையைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. நிலைமின்னியலுக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். முழு நிலைமின்னியல் இயர்ஃபோனை வாங்குபவர் வியர்வையையும் ஈரத்தையும் அண்டவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சவ்வுக்கும் தகட்டுக்கும் நடுவே ஈரமோ தூசியோ புகுந்தால் மின்னூட்டம் கசிந்து கிறீச்சென்ற ஒலி எழும். உடற்பயிற்சிக்கோ மழை நடைக்கோ அதை எடுத்துச் செல்லக் கூடாது. எந்த வகையை வாங்கினாலும் முதலில் பெட்டியில் உள்ள எல்லா ரப்பர் முனைகளையும் போட்டுப் பார்த்து, காதை முழுதாக அடைப்பதைத் தேர்ந்தெடுங்கள். பாஸ் ஒலியைப் பொறுத்தவரை, டிரைவரின் வகையைவிட அந்த முனை செய்யும் வித்தியாசமே பெரியது.